டீப்நெஸ்ட்: தொலைந்து போவதற்கென்றே கட்டிய ஊர்

ஹாலோ நைட் கேமை மூணு தடவை லேப்டாப்பில் இருந்து அழிச்சிருக்கேன். மூணு தடவையும் காரணம் ஒரே இடம்தான்: டீப்நெஸ்ட். நாலாவது தடவை முடிச்சேன். முடிச்சது என் திறமையால இல்ல, அதைப் பின்னால சொல்றேன். அந்த இடம் நல்லா வடிவமைச்ச இடமா, இல்ல வேணும்னே நம்மை வதைக்கிற இடமா என்கிற கேள்வி ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்சுட்டே இருந்தது. இந்தப் பதிவு அதுக்காகத்தான்.

கேம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா ஒரு அறிமுகம். ஹாலோ நைட் 2017 பிப்ரவரியில் வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்கிற குட்டி நிறுவனம் செய்தது. ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன் இரண்டு பேரும்தான் மையம். 2014-ல் கிக்ஸ்டார்ட்டரில் ஐம்பத்தேழாயிரம் ஆஸ்திரேலிய டாலர் சொச்சம் திரட்டி ஆரம்பிச்சாங்க. ஹாலோநெஸ்ட் என்று ஒரு பூச்சிகளின் ராஜ்ஜியம், இப்போ பாழடைஞ்சு கிடக்கு. நாம ஒரு வாய்பேசாத சின்னப் பூச்சி. கையில் ஊசி மாதிரி ஒரு ஆணி. எங்கே போகணும் என்று யாரும் சொல்ல மாட்டாங்க. மேலே அம்புக்குறி கிடையாது, 'அடுத்த பணி' என்று பட்டியல் கிடையாது. இறங்கிப் போ, அவ்வளவுதான்.

இந்த வகை கேம்களுக்கு மெட்ராய்ட்வேனியா என்று பேர். 1986-ல் நின்டெண்டோவின் மெட்ராய்ட், 1997-ல் காசில்வேனியா வரிசையில் வந்த சிம்பனி ஆஃப் தி நைட், ரெண்டும் சேர்ந்து கொடுத்த பேர். முதல் மெட்ராய்டில் மேப்பே கிடையாது. விளையாடினவங்க காகிதத்தில் தாங்களே வரைஞ்சுக்கிட்டாங்க. 1994-ல் சூப்பர் மெட்ராய்ட் வந்தப்போதான் மேப் கேமுக்குள்ளேயே வந்தது. அதுக்கப்புறம் வந்த பெரும்பாலான கேம்களில் நாம நடக்க நடக்க மேப் தானாவே நிரம்பும். அதை யாரும் ஒரு விஷயமாவே நினைக்கிறதில்லை.

ஹாலோ நைட் அந்த வசதியைப் பிடுங்கிக்கிட்டது. ஒரு புதுப் பகுதிக்குள் நுழைஞ்சா மேப் வெறுமையாத்தான் இருக்கும். அந்தப் பகுதியில் எங்கேயோ ஒரு மூலையில் கார்னிஃபர் என்கிற வரைபடக்காரர் உட்கார்ந்திருப்பார். போற வழியில் அவர் உதிர்த்த காகிதங்கள் கிடக்கும். பக்கத்தில் போனா அவர் முணுமுணுக்கிற பாட்டு காதில் விழும். தேடிப்பிடிச்சுக் காசு கொடுத்தா ஒரு அரைகுறை மேப் கிடைக்கும். மீதியை நாமளே நிரப்பணும். அதுக்கு ஒரு இறகுப் பேனா தனியா வாங்கணும். அந்தப் பேனாவும் நாம நடக்கும்போது எழுதாது. எங்காவது ஒரு பெஞ்ச் கிடைச்சு, அதுல போய் உட்கார்ந்தாத்தான் அதுவரைக்கும் நடந்த இடமெல்லாம் மேப்பில் ஏறும். சரி, மேப்பில் நான் எங்கே நிக்கிறேன்? அதைக் காட்டவும் ஒரு திசைகாட்டித் தாயத்து தனியா வாங்கிப் பொருத்தணும். தாயத்து மாட்ட ஆரம்பத்தில் இருக்கிறது மூணே மூணு இடம். அதில் ஒண்ணு இதுக்கே போயிடும். சண்டைக்கு உதவுற தாயத்தா, வழி தெரிஞ்சுக்கிற தாயத்தா? ரெண்டுல ஒண்ணுதான் என்று நம்மகிட்டயே விட்டுடறாங்க.

எனக்கு முதலில் எரிச்சலா இருந்தது. அப்புறம் யோசிச்சா, நிஜத்தில் ஒரு ஊரை நாம பழகுறது இப்படித்தானே. நடக்கும்போது ஒண்ணும் புரியாது. வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "அந்த வேப்பமரத்துக்கிட்ட திரும்பினோம், அப்புறம் ஒரு கேட் வந்தது" என்று நினைச்சுப் பார்க்கும்போதுதான் ஊர் மனசுக்குள் அடுக்கி நிற்கும். பெஞ்ச் என்கிறது அந்தத் திண்ணை. இதைக் கண்டுபிடிச்ச ஆளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இப்போ டீப்நெஸ்ட். மேன்டிஸ் வில்லேஜ் என்று கும்பிடுபூச்சிகளின் கிராமம் ஒண்ணு உண்டு. அவங்க தலைவர்களை ஜெயிச்சா, அதுவரை பார்த்தாலே பாய்ஞ்சு வெட்டுற அத்தனை பூச்சியும் தலை குனிஞ்சு வழி விடும். கேமிலேயே பெருமையான நிமிஷம் அது. அந்தப் பெருமையோட, இதுநாள் வரை அவங்க காவல் காத்த வாசல் வழியா உள்ளே போனா கீழே விழுவோம். அங்கேதான் இருக்கு டீப்நெஸ்ட். அவங்க ஏன் காவல் காத்தாங்க என்று அப்போதான் உறைக்கும்.

உள்ளே மேப் இல்லை. மேப் இல்லாததால் திசைகாட்டியும் சும்மா. சில அறைகள் கும்மிருட்டு. லுமாஃப்ளை விளக்கு என்று ஒண்ணு இருக்கு, 1800 ஜியோ கொடுத்து மேலே ஊரில் ஸ்லை கடையில் வாங்கணும். ஜியோ என்கிறது அந்த ஊர்க் காசு. அந்தக் கட்டத்தில் 1800 என்கிறது பெரிய தொகை. விளக்கு இல்லாம போனா நம்மைச் சுத்தி ஒரு சாண் வெளிச்சம்தான். மண்ணுக்குள் இருந்து டர்ட்கார்வர்கள் கிளம்பி வந்து காலைக் கவ்வும். ஒரு பூச்சியைக் கொன்னுட்டோம் என்று நிம்மதியா மூச்சு விட்டா, அந்தப் பொணத்துக்குள்ள இருந்து வேற ஏதோ கால் முளைச்சு எழுந்து வரும். சுரங்கம் மாதிரி வழிகளில் ரயிலாட்டம் நீளமான பூரான்கள் ஓடும், அவற்றை வெட்டவே முடியாது. எல்லாத்துக்கும் மேல அந்தச் சத்தம். எங்கேயும் எதுவும் தெரியாது, ஆனா எங்கிட்டும் சின்னச் சின்னக் கால்கள் ஓடுற சத்தம் கேட்டுட்டே இருக்கும். செத்தா கையில் இருந்த ஜியோ மொத்தமும் செத்த இடத்தில் நம்ம நிழல்கிட்ட போயிடும். திரும்பி அங்கே போய் அந்த நிழலோட சண்டை போட்டு வாங்கணும். வழியில் மறுபடி செத்தா அத்தனையும் போச்சு.

முதல் தடவை நான் சேர்த்து வெச்சிருந்த ஆயிரத்தி சொச்சத்தை இப்படித்தான் விட்டேன். விளக்கு வாங்கச் சேர்த்த காசு அது. விளக்கு இல்லாததால் விளக்கு வாங்குற காசு போச்சு. அன்னிக்கே அழிச்சேன்.

இங்கே அப்பா வர்றார்.

நாங்க போத்தனூர். அப்பா ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். போன வருஷம் ரெண்டு கண்ணிலும் புரை முத்தி, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சு, சர்க்கரை இறங்காததால் தள்ளித் தள்ளிப் போயிட்டிருந்தது. பேப்பர் படிக்க முடியாது, டிவி பார்க்க முடியாது. சாயங்காலம் நான் டிவியில் லேப்டாப்பைச் சொருகி விளையாடும்போது பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். திரையில் அவருக்குத் தெரிஞ்சது மங்கலா ஏதோ நகர்றது மட்டும்தான். டீப்நெஸ்டில் அதுவும் இல்லை.

ஒருநாள் கேட்டார். "ஏனம்மிணி, அரை மணி நேரமா கண்ணு தெரியாதவனாட்ட ஒரே இடத்துல தடவிக்கிட்டுக் கெடக்கற?"

"வழி தெரியலீங்ப்பா. இருட்டு."

"இருட்டா இருந்தா என்ன? அக்கட்டால ஒருத்தன் முனகிட்டு இருக்கறானே, கேக்குலியா? பாடறானாட்ட இருக்குது."

நான் சவுண்டை ஏத்தினேன். ஆமாம். அந்தக் கால் சத்தங்களுக்கு அடியில், ரொம்ப மெலிசா, கார்னிஃபர். நாலு நாளா அந்த அறையைச் சுத்திச் சுத்திப் போயிருக்கேன். கண்ணால தேடிட்டே இருந்ததால காது வேலை செய்யவே இல்லை.

அப்பா சொல்லச் சொல்லப் போனேன். "சத்தம் இடது காதுல கேக்குது. இப்ப கொறையுது, திரும்பு." பத்து நிமிஷத்தில் வரைபடக்காரர் முன்னாடி நின்னோம். அப்பாவுக்கு அவர் என்ன செய்றார் என்று விளக்கினேன். காகிதத்தில் வழி எழுதி விக்கிறவர், அவரே பயந்துபோய் ஒரு பொந்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கார் என்றேன். "பயந்துட்டே உள்ள வந்து எழுதறானா? பொழைக்கத் தெரியாத ஆளு," என்றார். ஆனா குரலில் ஒரு மரியாதை இருந்தது.

இதை ஒரு நெகிழ்ச்சிக் கதையா சொல்லலை. விமர்சனமாவே சொல்றேன். டீப்நெஸ்ட் பார்வையைப் பிடுங்கிட்டு, பதிலுக்கு ஒலியில் நிறைய கொடுத்திருக்கு. நாம அதை வாங்கிக்கத் தயாரா இல்லை என்கிறதுதான் பாதி எரிச்சலுக்குக் காரணம். மண்ணுக்குள்ள இருந்து வர்ற ஜந்துகூட சத்தம் கொடுத்துட்டுத்தான் வருது. கிறிஸ்டோபர் லார்க்கின் இந்த கேமுக்கு எவ்வளவு அழகா இசை போட்டிருக்கார் என்று எல்லாரும் பேசுவாங்க. சிட்டி ஆஃப் டியர்ஸில் மழையோட வர்ற அந்தக் குரலைப் பத்திப் பேசாத ஆள் கிடையாது. டீப்நெஸ்டில் மெட்டு என்று எதுவும் மனசில் நிக்காது. ஆனா ஒலியே அங்கே வரைபடம். அந்தப் பகுதியை ஸ்பீக்கரை மூடிட்டு, போனில் வேற பாட்டு போட்டுக்கிட்டு விளையாடுறவங்க (நானும் அப்படித்தான் முதல் ரெண்டு தடவை) ஒரு கண்ணைக் கட்டிக்கிட்டு விளையாடுறாங்கன்னு அர்த்தம்.

அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது யார்டு கதை சொன்னார். போத்தனூர் சாதாரண ஸ்டேஷன் இல்லை. மெட்ராஸில் இருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை 1862-லேயே போத்தனூர் வழியாத்தான் போச்சு, கோயமுத்தூர் டவுனுக்கு லைன் அதுக்கப்புறம்தான். இன்னிக்கும் சில வண்டிகள் இருகூரில் பிரிஞ்சு கோவை ஜங்ஷனுக்குள் போகாமலே நேரா போத்தனூர் வந்து பாலக்காட்டுக்குப் போயிடும். இந்தப் பக்கம் பொள்ளாச்சி லைன். அத்தனையும் வந்து சேர்ற யார்டில் ராத்திரி சிக்னல் பழுதுன்னா கைவிளக்கை எடுத்துட்டு நடக்கணும். "வெளக்கு இருக்குதுன்னு அதையே பாத்துட்டு நடந்தா தடுக்கி விழுவோம். சரளைக்கல்லு சத்தம் மாறுச்சுன்னா பாயிண்டு வருதுன்னு அர்த்தம். கால்ல தெரியும்." முதல் ஆறு மாசம் அவரும் தொலைஞ்சுதான் போயிருக்கார். யார்டுக்குள்ளேயே.

அந்த ஆறு மாசம் என்கிறதுதான் டீப்நெஸ்ட் நம்மகிட்ட கேட்கிறது. கொடுக்க எல்லாராலும் முடியுமா என்பது வேற கேள்வி. இந்த கேமில் கடினத்தைக் குறைக்கிற வசதி எதுவும் கிடையாது. ஏத்துறதுக்கு உண்டு, ஒரு தடவை செத்தா மொத்தமும் அழிஞ்சுபோற ஸ்டீல் சோல் என்று ஒரு முறை. இறக்க வழியில்லை. இருட்டு அறை அப்பா மாதிரி ஆளுக்கும் எனக்கும் ஒண்ணே என்று கவித்துவமா சொல்லிக்கலாம். ஆனா கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தா அவரால் ஒரு முள்ளைக்கூடத் தாண்ட முடியாது. ஒலி வழி காட்டும், ஆணி வீச நேரம் காட்டாது. காசுள்ளவனுக்கு விளக்கு, இல்லாதவனுக்கு இருட்டு என்கிற ஏற்பாடும் எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு. டீப்நெஸ்டுக்குள் தெரியாம விழுற புது ஆளுக்கு அப்படி ஒரு விளக்கு விக்கிறாங்க என்கிற விஷயமே தெரிஞ்சிருக்காது.

இருந்தாலும் டீப்நெஸ்டோட எரிச்சலையும், இதே கேமில் வேற இடங்கள்ல வர்ற எரிச்சலையும் ஒண்ணா வெச்சுப் பார்க்க முடியலை. உதாரணத்துக்குக் குயின்ஸ் கார்டன்ஸ். முள்ளு முள்ளா இருக்கிற பசுந்தோட்டம், கடைசியில் ட்ரெய்ட்டர் லார்ட் என்கிற ஒரு பெரிய எதிரி. அவன்கிட்ட தோத்தா, பெஞ்சில் இருந்து கிளம்பி முள்ளுக்கு மேல தொங்கித் தாவி, வழியில் இருக்கிற கும்பிடுபூச்சிகளைத் தாண்டி மறுபடி வரணும். முதல் தடவை அந்தப் பயணம் அழகு. பதினஞ்சாவது தடவை அது வெறும் பஸ் பயணம். புதுசா எதுவும் தெரிஞ்சுக்கப் போறதில்லை. தெரிஞ்ச வழியைத் திரும்பத் திரும்ப நடக்கவைக்கிறது தண்டனை மட்டும்தான். சோல் மாஸ்டர்கிட்ட போற வழியும் இதே ரகம், அந்தக் கட்டடம் முழுக்க ஒரு பெஞ்ச் கிடையாது. தொலைஞ்சு போறது ஒரு அனுபவம். தெரிஞ்ச வழியில் மாட்டிக்கிறது அலுப்பு. ரசிகர்கள் ரெண்டையும் ஒரே மூச்சில் 'அதுதான் சவால்' என்று நியாயப்படுத்துறதை என்னால் ஏத்துக்க முடியலை.

டார்க் சோல்ஸ் (2011) விளையாடினவங்க ப்ளைட்டவுனை மறந்திருக்க மாட்டாங்க. மரப்பலகை அடுக்குகள், கீழே விஷச் சேறு. அப்போதைய கன்சோல்களில் அந்த இடம் வந்தாலே படம் திக்கித் திக்கி ஓடும். அதில் எது வடிவமைச்ச கஷ்டம், எது இயந்திரத்தோட கஷ்டம் என்று பிரிக்கவே முடியாது. டீப்நெஸ்டில் அந்தச் சாக்கு இல்லை. அங்கே இருக்கிற ஒவ்வொரு தொல்லையும் யாரோ உட்கார்ந்து யோசிச்சு வெச்சது. அதனால கோபமும் நேரா அந்த ஆள் மேலதான் வருது.

அந்தக் கோபத்தோட உச்சம் டிஸ்டன்ட் வில்லேஜ். டீப்நெஸ்டோட ஆழத்தில் ஒரு கிராமம் வரும். முகமூடி போட்ட ஜனங்க அன்பா வரவேற்பாங்க. நடுவில் ஒரு பெஞ்ச். பெஞ்ச் என்றாலே இந்த கேமில் பத்திரம். உயிர் நிரம்பும், மேப் ஏறும், பதிவாகும். அத்தனை அல்லாட்டத்துக்கு அப்புறம் அதைப் பார்த்ததும் நான் எதுவும் யோசிக்கலை. உட்கார்ந்தேன். கண்ணு மூடித் திறந்தா வலையில் கட்டிப் போட்டிருக்காங்க.

"என்னாச்சு?" என்றார் அப்பா.

"ஏமாத்திட்டாங்ப்பா."

"ஒறம்பரையாட்டக் கூப்பிட்டாங்களே?"

"ஆமாங்."

சத்தமா சிரிச்சார். நான் சிரிக்கலை. ஆனா நியாயமா பார்த்தா இது நேர்மையான ஏமாத்து. கேம் முழுக்க பெஞ்ச் மேல ஒரு நம்பிக்கையை வளர்த்து, அதை ஒரே ஒரு தடவை, அதுவும் அதுக்கு ஏத்த இடத்தில் உடைச்சிருக்காங்க. அங்கே மாட்டிக்கிறதால எதுவும் இழக்கலை, கட்டை அறுத்துக்கிட்டு வெளியே வந்தா நாம தேடி வந்த இடத்துக்கே வந்திருப்போம். ஹெர்ராவின் படுக்கை அந்தக் கூட்டுக்குள்தான் இருக்கு. 2025 செப்டம்பரில் வந்த அடுத்த பாகம் சில்க்சாங்கிலும் ஹன்டர்ஸ் மார்ச் பகுதியில் பொறி வெச்ச பெஞ்ச் ஒண்ணு உண்டு. ரெண்டாவது தடவை செஞ்சப்போ எனக்கு அது பழைய ஜோக்காத்தான் தெரிஞ்சது. அதே சில்க்சாங்கின் பைல்வாட்டர் சேறு இன்னும் மோசம். உடம்பில் புழு ஒட்டிக்கிட்டா காயத்தை ஆத்திக்க முடியாது, பக்கத்தில் இருக்கிற பெஞ்சையும் சுவருக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்காங்க. டீப்நெஸ்ட் காதைத் தீட்டச் சொன்னது. பைல்வாட்டர் பல்லைக் கடிக்க மட்டும்தான் சொல்லுது.

இனி அங்கே இறங்கப் போறவங்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை. கையில் இருக்கிற ஜியோவை முதலில் செலவு பண்ணிட்டுப் போங்க, விளக்கு வாங்கினா அதிலேயே பெரும்பகுதி தீர்ந்திடும். இழக்க ஒண்ணும் இல்லாத ஆளுக்கு அந்த இடத்தில் பாதி பயம் குறையும். ஹெட்போன் மாட்டுங்க. விழுந்த உடனே மேலே ஏற வழி தேடாதீங்க, நான் அதில்தான் நாள்கணக்கை வீணாக்கினேன். அங்கே ஒரு வெந்நீர் ஊற்றும் பெஞ்சும் இருக்கு. அதைப் பிடிச்சுட்டா அப்புறம் ஒவ்வொரு பக்கமா கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்து மேப்பை ஏத்தலாம். நிழலை மீட்க முடியாத இடத்தில் செத்துட்டா மனசைக் கல்லாக்கிக்கிட்டு விட்டுடுங்க. மேலே டர்ட்மவுத் ஊரில் ஜிஜி என்கிற ஒரு பாட்டி அழுகின முட்டை ஒண்ணு கொடுத்தா நிழலைக் கூப்பிட்டுத் தரும், ஆனா அந்தக் கதவுக்கே ஒரு சாவி வேணும். விக்கியைப் பார்க்கலாமா? பாருங்க, ஆனா கார்னிஃபரைக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம். முதல் ரெண்டு மணி நேரத் தடுமாற்றத்தை யாராவது சொல்லிக் கொடுத்துட்டா அப்புறம் அந்த இடத்தில் மிஞ்சுறது நாலஞ்சு அசிங்கமான பூச்சிங்க மட்டும்தான்.

நாஸ்க் பத்திச் சொல்லாம விட்டா தப்பு. டீப்நெஸ்டில் ஓரிடத்தில் தூரத்தில் நம்மை மாதிரியே ஒரு உருவம் ஓடும். அதே கொம்பு, அதே அங்கி. பின்னாடியே போனா ஒரு குகைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, அப்புறம்தான் அது என்னன்னு காட்டும். நான் அதுகிட்ட போனப்போ அப்பாவுக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிஞ்சு, கறுப்புக் கண்ணாடியோட உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் திரையையே பார்த்தார்.

"இவ்வளவு கறுப்பாவா இருந்துச்சு?"

"ஆமாங்ப்பா."

"நாங்கூட என்ற கண்ணுன்னு நெனச்சேன்." அப்புறம், "அந்தா, உன்ற ஆளு ஓடறான் பாரு. பின்னாடி போகாத. அவன்கிட்ட காலடிச் சத்தமே கேக்குலியே," என்றார்.

போனேன். செத்தேன். 640 ஜியோ.